மேட்டை மட்டும் தேயுங்கள்: கார் பெயிண்டின் சின்னக் குறைகளுக்குத் தேய்ப்புக் கட்டை

ஜெராக்ஸ் கடையில் போடும் வெள்ளைத் தாள் ஒன்றைக் கையில் எடுங்கள். 80 ஜிஎஸ்எம் தாளின் தடிமன் ஏறத்தாழ 100 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. கம்பெனியிலிருந்து வரும் காரின் தகட்டின் மேல் பிரைமர் (அடிப்பூச்சு), கலர், கிளியர் (நிறமற்ற மேல்பூச்சு) எல்லாம் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் நாம் கைவைக்கக்கூடிய மேல் அடுக்கான கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரான். அந்தத் தாளில் பாதி. அந்தப் பாதியையும் முழுக்கச் செலவழிக்க முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்கும் பொருள் கிளியரில்தான் கலந்திருக்கிறது. பத்து மைக்ரானுக்கு மேல் எடுத்துவிட்டால் இன்றைக்குப் பளபளக்கும். சில வருட வெயிலுக்குப் பிறகு அந்த இடம் மட்டும் வெளுத்து உரியத் தொடங்கும்.

தேய்ப்புக் கட்டை எதற்கு என்பது இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. உப்புத்தாளை விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் நுனி மேட்டையும் தேய்க்கும், பக்கத்துச் சமதளத்தையும் தேய்க்கும். மேடு குறைவதற்குள் சுற்றிலும் வாய்க்கால் விழுந்துவிடும். தட்டையான, வளையாத கட்டையில் தாளைச் சுற்றினால் அது உயரமாக நிற்பதை மட்டும் முதலில் தொடும். மேடு இறங்கும்வரை சுற்றியுள்ள பெயிண்ட் தப்பிக்கும்.

ஆகவே கட்டையால் நேராகச் சரிசெய்ய முடிவது மேடுகளை மட்டுமே: ஈரப் பெயிண்டில் விழுந்து காய்ந்த தூசி, ஒழுகி நின்ற பெயிண்ட், டச்-அப் (குறையை மறைக்கத் தொட்டு வைக்கும் பெயிண்ட்) வைத்த பொட்டு. கீறலும் கல் தெறித்த குழியும் பள்ளங்கள். பள்ளத்தைத் தேய்ப்பது என்றால் அதன் அடிமட்டம் வரை சுற்றுப்புறம் முழுவதையும் இறக்குவது. அதற்குக் கிளியரில் இடம் கிடையாது. பள்ளத்தை முதலில் நிரப்பி மேடாக்க வேண்டும், பிறகுதான் கட்டை.

தொடவே கூடாதவை

மேட் ஃபினிஷ் கார் என்றால் கட்டையை உள்ளே வைத்துவிடுங்கள். தேய்த்த இடம் பளபளத்து நிற்கும், அதை மீண்டும் மேட் ஆக்க வழியில்லை. பிபிஎஃப் (பெயிண்டைக் காக்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் படலம்) ஒட்டிய பாகத்தையும் தேய்க்கக் கூடாது. வெயிலில் வெளுத்துத் தோல் உரியும் கூரையும் பானெட்டும் தேய்த்துத் தேறாது; அங்கே கிளியரே செத்துப்போயிருக்கிறது, தேய்க்கத் தேய்க்க உரிதல் பரவும்.

கதவு விளிம்பு, பானெட் ஓரம், உடலில் ஓடும் கூரான கோடுகள் ஆகிய மூன்றும் வேறு வகை ஆபத்து. ஈரமாக இருக்கும்போதே பெயிண்ட் கூர்மையான விளிம்பிலிருந்து விலகி ஓடும் இயல்புடையது. அதனால் அங்கே எப்போதும் மெல்லியதாகவே நிற்கும். கட்டையின் எடை முழுவதும் அந்த ஒற்றைக் கோட்டில் இறங்கும்போது நாலைந்து இழுப்பிலேயே கலர் தெரிந்துவிடும். விளிம்பின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, அதிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளியே வேலை செய்யுங்கள். குறை விளிம்பின் மேலேயே இருந்தால் அப்படியே விட்டுவிடுவது நல்லது. விளிம்பில் இருக்கும் ஒரு தூசி யார் கண்ணிலும் படாது. விளிம்பில் தெரியும் பிரைமர் எல்லார் கண்ணிலும் படும்.

அடுத்து, காரில் இருப்பது எந்த வகைப் பெயிண்ட் என்று தெரிய வேண்டும். கண்ணில் படாத மூலையில், வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்து இருபது முறை தேயுங்கள். துணியில் கார் நிறம் ஏறினால் அது கிளியர் இல்லாத ஒற்றை அடுக்குப் பெயிண்ட். நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் இருக்கிறது. வெளியே பெயிண்ட் அடித்த பாகமானால் இன்னொரு சோதனையும் தேவை. என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டுக்கான தின்னர் தொட்ட துணியை மறைவான இடத்தில் சில விநாடி வைத்துப் பாருங்கள். பெயிண்ட் இளகி ஒட்டினால் அது என்.சி. அல்லது ஸ்ப்ரே கேன் வகை, மென்மையானது, கட்டைக்குச் சீக்கிரம் கரையும். அசையாமல் நின்றால் 2கே, அதாவது ஹார்டனர் கலந்து கெட்டியாகும் வகை.

தடிமன் அளக்கும் மீட்டர் இருந்தால் நல்லது, ஆனால் அதை முழுதும் நம்பிவிடாதீர்கள். அது காட்டுவது எல்லா அடுக்கும் சேர்ந்த மொத்தத்தை. கிளியர் தனியாக எவ்வளவு என்று சொல்லாது. சாதாரண மீட்டர் பிளாஸ்டிக் பம்பரில் வேலையே செய்யாது. மலிவான மீட்டரில் ஏற்ற இறக்கமே சில மைக்ரான் வரும். அதன் உண்மையான பயன் வேறு: ஒரு பாகம் 110 காட்டி, பக்கத்துப் பாகம் 250 காட்டினால், இரண்டாவது ஏற்கெனவே மறுபெயிண்ட் ஆனது. 80-க்குக் கீழே காட்டினால் யாரோ முன்னாடியே பஃபிங்கில் (மெஷின் பாலிஷில்) தின்றிருக்கலாம், நீங்கள் தொடாதீர்கள்.

கட்டையும் தாளும்

கடையில் 'சேண்டிங் பிளாக்' என்று கேட்டால் உள்ளங்கை அளவு ரப்பர் கட்டையைத்தான் எடுத்துத் தருவார்கள். பட்டி தேய்க்க அது சரி. ஒற்றைத் தூசிக்கு அது யானை. சின்னக் குறைக்கு வேண்டியது 3 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் அளவில், விரல் நுனியில் பிடிக்கக்கூடிய கடினமான கட்டை. 6 மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டை வெட்டி, நான்கு ஓரத்தையும் மூலைகளையும் மழுக்கிவிட்டால் போதும். மழுக்காவிட்டால் கட்டை லேசாகச் சாயும் ஒவ்வொரு முறையும் மூலை ஒரு பிறை வடிவக் கோட்டைப் போடும். பென்சில் அழிக்கும் ரப்பர் இரண்டாவது கட்டை, கொஞ்சம் வளைந்து கொடுக்கும், லேசான வளைவுள்ள பாகங்களுக்கு ஏற்றது. மூன்றாவதாக மென்மையான ஸ்பாஞ்சுத் துண்டு ஒன்று. அது மட்டம் பிடிக்க உதவாது. மட்டம் பிடித்த பிறகு கோடுகளை மெல்லியதாக்க மட்டும்.

தூசிக்கென்றே தயாரான கட்டைகளும் உண்டு. தேய்க்கும் துகளையே செங்கல் மாதிரி கட்டியாக்கிய வகை அது. வசதியானது. ஆனால் வாங்கிய கையோடு பெயிண்டில் வைத்துவிடக் கூடாது. பி 1000 தாளைக் கண்ணாடிமேல் விரித்து, கட்டையின் முகத்தை அதில் தேய்த்துத் தட்டையாக்கி, ஓரங்களை மழுக்கி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

தாளுக்கு வாட்டர் பேப்பர் என்றே கேளுங்கள். தண்ணீர் போட்டுத் தேய்க்கும் இந்தத் தாளை அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனம் 1921-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது; கார் பெயிண்ட் பட்டறைகளில் தூசியைக் குறைத்ததுதான் அதற்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. இந்த வேலைக்கு பி 1200, பி 1500, பி 2000, பி 3000 ஆகிய நான்கும் ஒவ்வொரு தாள் போதும். எண்ணுக்கு முன்னால் 'பி' இருக்கிறதா என்று தாளின் பின்பக்கம் பாருங்கள். பி 1000-இன் துகள் சராசரி 18 மைக்ரான், பி 2000-இன் துகள் 10 மைக்ரான். 'பி' இல்லாத அமெரிக்க அளவில் 1000 என்று போட்டிருந்தாலே அது பி 2000-க்கும் பி 2500-க்கும் இடைப்பட்ட நைசு. இரண்டு அளவுமுறைத் தாள்களைக் கலந்து வாங்கினால், நைசுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு முரடுக்குப் போவீர்கள்.

தாளைக் கத்தரியால் வெட்டினால் ஓரத்தில் துகள் உதிரும். மடித்து, பின்பக்கமிருந்து பிளேடால் கீறிப் பிரித்து, வெட்டிய ஓரத்தை இன்னொரு தாளில் உரசிவிடுங்கள். பிறகு அரை மணி நேரமாவது தண்ணீரில் ஊறட்டும். ஊறாத தாள் விறைப்பாக நிற்கும், ஓரம் சுருண்டு கீறும்.

தண்ணீரும் நிழலும்

வெயிலில் நின்ற பானெட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் கிளியர் இளகியிருக்கும், தண்ணீர் நொடியில் வற்றும், தாள் அடைத்துக்கொள்ளும். காலை வேளையும் நிழலும் பார்த்து, கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். போர் தண்ணீர் வேண்டாம். அது காய்ந்தால் வெள்ளைக் கறை நிற்கும், தேய்த்த இடத்தில் அந்தக் கறை இன்னும் ஆழமாகப் பிடிக்கும். ஆர்.ஓ. தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத் தண்ணீர் 5 லிட்டர், அதில் ஒரு டீஸ்பூன் கார் ஷாம்பு. தாள் வழுக்கவும் தேய்ந்த மாவு மிதந்து போகவும் அதுவே போதும்.

காரை முழுதாகக் கழுவுங்கள், வேலை செய்யும் பாகத்தை மட்டுமல்ல. மேலே கூரையிலிருந்து ஒழுகிவரும் ஒரு மணல் கட்டைக்கு அடியில் மாட்டினால், நீங்கள் எடுக்க வந்த தூசியைவிடப் பத்து மடங்கு நீளமான கோடு விழும். கட்டை தரையில் விழுந்தால் அந்தத் தாள் முடிந்தது. தட்டிவிட்டு, கழுவிவிட்டு மறுபடி வைக்கும் சிக்கனம் இங்கே ஆகாது. தாள் மாற்றும்போது வாளித் தண்ணீரையும் மாற்றுங்கள். பி 1200-இலிருந்து உதிர்ந்த துகள் அடியில் கிடக்கும் தண்ணீரில் பி 3000-ஐ நனைத்தால், பி 3000 போடுவதில் பொருளில்லை.

தூசிப் பரு

முகப்பரு மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் தூசிதான் இருப்பதில் எளிது. பருவின் இரு பக்கமும், 5 மில்லிமீட்டர் விட்டு, மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். பி 2000 சுற்றிய அக்ரிலிக் கட்டையை நனைத்து, ஒரு சென்டிமீட்டர் தூரத்துக்கு முன்னும் பின்னும் இழுங்கள். அழுத்தம் வேண்டாம், கட்டை வழுக்கிப் போகாமல் பிடித்துக்கொள்ளும் அளவு பலம்தான். ஐந்தாறு இழுப்பு, நிறுத்து, துடை, பார்.

பார்ப்பதுதான் இதில் பாதி வேலை. ஈரத்தில் எதுவும் தெரியாது, ஏனென்றால் தண்ணீர் கோடுகளுக்குள் நிறைந்து எல்லாவற்றையும் பளபளப்பாகக் காட்டும். பழைய சைக்கிள் டியூப் துண்டால் தண்ணீரை வழித்து, டார்ச்சைச் சாய்வாகப் பிடியுங்கள். பருவின் உச்சி மங்கலாகத் தெரியும், சுற்றிலும் பளபளப்பு இருக்கும். தேய்க்கத் தேய்க்க மங்கல் பொட்டு அகலமாகும். டேப்பின் முகம் உரசத் தொடங்கியதும் டேப்பை எடுத்துவிட்டு மெதுவாகத் தொடருங்கள். மங்கல் பொட்டின் ஓரம் சுற்றுப்புறத்துப் பளபளப்போடு படி இல்லாமல் கலந்த அந்தக் கணத்தில் நிறுத்த வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் மேடு தட்டக் கூடாது. கண்ணைவிட விரல் இதில் நம்பகமானது.

தூசி கிளியருக்கு அடியில், கலரோடு ஒட்டிக் கிடந்தால் தேய்க்கும்போது அது பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிமுனைக் குழியை விட்டுப் போகும். குழியைத் துரத்திக்கொண்டு கீழே போகாதீர்கள். ஒரு சொட்டு கிளியர் வைத்து நிரப்பி, காயவிட்டு, மறுபடி மேடாக நடத்துங்கள்.

மட்டம் வந்ததும் பி 3000-ஐ ஸ்பாஞ்சில் சுற்றி, முன்பு தேய்த்ததற்குக் குறுக்குத் திசையில், முன்பைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாக இருபது முப்பது இழுப்பு. குறுக்கே தேய்ப்பதற்குக் காரணம் உண்டு: பி 2000 போட்ட கோடுகள் மறைந்தனவா என்று அப்போதுதான் பிரித்துப் பார்க்க முடியும். வட்டமாகத் தேய்த்தால் எந்தக் கோடு எந்தத் தாளுடையது என்று தெரியாது.

ஒழுகல்

கதவு, ஃபெண்டர் போன்ற செங்குத்துப் பாகங்களில் கிளியர் கண்ணீர்த் தாரை மாதிரி வழிந்து நிற்கும். இது தூசியைப்போல் பல மடங்கு உயரம். அதனால் இங்கே அவசரம்தான் முதல் எதிரி. மேலே காய்ந்திருந்தாலும் தாரையின் வயிறு உள்ளே ஈரமாக இருக்கும். நகத்தால் அழுத்திப் பாருங்கள், தடம் பதிந்தால் இன்னும் சில நாள் விடுங்கள். காயாத ஒழுகலைத் தேய்த்தால் பெயிண்ட் உருண்டையாகத் திரண்டு தாளில் ஒட்டும். அல்லது பிடுங்கிக்கொண்டு போகும். அதுவும் இல்லாவிட்டால் அன்றைக்கு மட்டமாகத் தெரிந்து, மீதி தின்னர் ஆவியானதும் அதே இடம் குழிவிழும்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுகியது வெறும் கிளியரா, மெட்டாலிக் கலரா? தாரையின் உள்ளே நிறம் கருத்தோ வெளுத்தோ திட்டாகத் தெரிந்தால் ஒழுகியது கலர். அதை எவ்வளவு மட்டமாக்கினாலும் திட்டு போகாது. அது மறுபெயிண்ட் வேலை.

கிளியர் ஒழுகலின் உச்சியை முதலில் பிளேடால் சீவிவிடுவது தாளையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். புதிய ஷேவிங் பிளேடின் இரண்டு முனைகளிலும் மாஸ்கிங் டேப்பைச் சுற்றி, நடுவில் ஒரு சென்டிமீட்டர் மட்டும் வெறும் கூர் தெரிய விடுங்கள். டேப் இரண்டு பக்கமும் கால் மாதிரி நிற்கும். பிளேடின் கூர் பெயிண்டின் மட்டத்துக்கு ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் மேலேயே நிற்கும், மூலை குத்தாது. பிளேடைக் கிட்டத்தட்ட நேர்க்குத்தாகப் பிடித்து, உங்களை நோக்கி மட்டும் இழுங்கள். தள்ளக் கூடாது. மெல்லிய சுருள் வரும். சுருள் வருவது நின்றதும் பிளேடை வைத்துவிடுங்கள்.

மீதிக்குக் கட்டை. தாரையின் மேல் மார்க்கரால் மெல்லிய கோடு போட்டுக்கொண்டு, பி 1200 சுற்றிய அக்ரிலிக் கட்டையால் தாரையின்மேல் மட்டும், சற்றுச் சாய்வாக இழுங்கள். மை மறைந்த இடம் தேய்ந்த இடம். மை நிற்கும் இடம் இன்னும் பள்ளம். முக்கால் பங்கு இறங்கியதும் பி 1500-க்கு மாறுங்கள். கடைசி ஒரு மெல்லிய படியை பி 2000-க்கு மிச்சம் வையுங்கள், ஏனென்றால் முரட்டுத் தாள் போடும் கோட்டின் ஆழமும் உங்கள் கிளியரிலிருந்துதான் போகிறது. பி 1200-ஐ வைத்தே மட்டம்வரை இறங்கிவிட்டால், அதன் கோடுகளை எடுக்க மட்டத்துக்குக் கீழேயும் தேய்க்க வேண்டிவரும்.

ஒழுகலில் கலர் தெரிந்துபோகும் விபத்து பெரும்பாலும் தாரையின் மேல் நடப்பதில்லை, அதற்கு மேலே இருக்கும் இடத்தில் நடக்கிறது. கிளியர் அங்கிருந்துதான் கீழே வழிந்தது. ஆகவே அங்கே மற்ற இடத்தைவிட மெல்லியது. கட்டையின் மேல் ஓரம் அங்கே உரசாதபடி டேப் ஒட்டிக் காத்துக்கொள்ளுங்கள்.

மெட்டாலிக் காரில் தேய்க்கும்போது வழியும் மாவு பால் வெள்ளையாக இருக்க வேண்டும். அதில் கார் நிறமோ சாம்பல் மினுமினுப்போ கலந்தால் உடனே கையை எடுங்கள். கிளியர் போய்விட்டது. இன்னும் நாலு இழுப்பால் அதைச் சரிசெய்ய எந்த வழியும் இல்லை.

கல் தெறித்த குழி

நெடுஞ்சாலையில் ஓடும் காரின் பானெட் முன்பக்கம் பார்த்தால் இது இருக்கும். காரின் கலர் குறியீட்டு எண் ஓட்டுநர் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒட்டியிருக்கும். அதைக் காட்டி டச்-அப் பாட்டில் வாங்குங்கள். வெள்ளைக்குள்ளேயே பல வெள்ளை உண்டு, கண்ணால் பார்த்து வாங்காதீர்கள்.

குழிக்குள் துரு இருந்தால் ஊசிமுனையால் சுரண்டி, துருநீக்கி தடவித் துடைத்து, ஒரு புள்ளி பிரைமர் வையுங்கள். துருவை மூடிவைத்தால் அது உள்ளேயே வளர்ந்து உங்கள் பொட்டைத் தூக்கிவிடும். உரிந்து நிற்கும் பெயிண்ட் ஓரம் இருந்தால் அதையும் எடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். வாக்ஸ் எண்ணெய் மிச்சம் இருந்தால் தேய்க்கும்போது பொட்டு முழுதாகப் பெயர்ந்து வரும்.

பாட்டில் மூடியில் வரும் பிரஷ் இந்த வேலைக்கு மிகப் பெரியது. பல்குத்தும் குச்சி முனையில் தொட்டு, குழியின் நடுவில் விட்டால் பெயிண்ட் தானே ஓரத்துக்கு ஓடும். பெயிண்ட் காயும்போது சுருங்கும், ஆகவே ஒரே சொட்டில் நிரப்ப முடியாது. மெல்லிய சொட்டாக, ஒவ்வொன்றுக்கும் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு, இரண்டு மூன்று முறை. கலர் சுற்று மட்டத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கட்டும். அதன்மேல் கிளியர் இரண்டு மூன்று சொட்டு, மட்டத்துக்கு மேலே ஒரு குட்டிக் குன்றாக எழும்பும்வரை. கலரையே குன்றாக்கிவிட்டால் தேய்க்கும்போது கலர் வெளிப்படும், அந்தப் பொட்டு எப்போதும் மங்கலாகத் தெரியும்.

பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள். பாட்டில் பெயிண்ட் காற்றில் மட்டுமே காயும், உள்ளே கெட்டியாக நாள் எடுக்கும். மழைக்காலத்தில் இன்னும் கூடும். பொட்டு கெட்டியான பிறகு தூசிப் பருவுக்குச் சொன்ன அதே முறைதான், ஒரு வேறுபாட்டோடு: இங்கே மட்டம் பிடிக்க மென்மையான கட்டையை எடுக்கவே கூடாது. டச்-அப் பொட்டு, சூளையில் வெந்த கம்பெனிக் கிளியரைவிட மிருதுவானது. வளைந்து கொடுக்கும் கட்டை அல்லது விரல் அந்த மிருதுவான பொட்டைக் கிண்ணம் மாதிரி குடைந்துவிடும், சுற்றியிருக்கும் கிளியர் அப்படியே நிற்கும். கடினக் கட்டை இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்தும். பொட்டின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரிந்தால் அத்தோடு விட்டுவிடுங்கள். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் தெரியாத பொட்டு வெற்றிதான். அந்தக் கோட்டை அழிக்கப் போய்க் கிளியரைத் தொலைத்தவர்கள் நிறைய.

நகம் மாட்டும் நீளமான சாவிக் கீறலுக்கும் இதே கதைதான், வேலை மட்டும் நீளம். நகம் மாட்டாத கீறலுக்குக் கட்டையே தேவையில்லை, வெறும் காம்பவுண்டை (நைசான துகள் கலந்த பாலிஷ் பசையை) முதலில் போட்டுப் பாருங்கள்.

எச்சமும் தண்ணீர்க் கறையும்

பறவை எச்சம் வெயிலில் காய்ந்தால் கிளியரை அரித்துக் குழியாக்கும். போர் தண்ணீர்க் கறையும் நாளாக நாளாக வட்டமாக அரிக்கும். இரண்டும் பள்ளங்கள், ஆனால் பெரும்பாலும் ஆழமில்லாதவை. முதலில் காம்பவுண்ட். போகாவிட்டால் பி 3000-ஐ ஸ்பாஞ்சில் சுற்றி, கறையைவிட நான்கு மடங்கு பரப்பில் லேசாக. கறை முக்கால்வாசி மங்கியதும் நிறுத்திவிடுங்கள். ஆரஞ்சுத் தோல் மாதிரி பாகம் முழுக்க இருக்கும் சொரசொரப்பைத் தேய்த்துக் கண்ணாடியாக்கும் ஆசை வேண்டாம். கம்பெனிப் பெயிண்டிலேயே கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். ஒரு பாகத்தை மட்டும் மட்டமாக்கினால் பக்கத்துக் கதவு வேறு காரின் கதவு மாதிரி தெரியும்.

பளபளப்பு

பி 3000 முடிந்த இடம் சீரான மங்கலாக, பனி படர்ந்த கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். அதில் தனியாக ஒரு கோடு மின்னினால் அது முந்தைய தாளின் கோடு, காம்பவுண்ட் போட்டாலும் போகாது. இப்போதே அந்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள்.

கையால் செய்வதென்றால் ஸ்பாஞ்சுப் பேடில் பட்டாணி அளவு இரண்டு சொட்டுக் கட்டிங் காம்பவுண்ட், 15 சென்டிமீட்டர் சதுரத்துக்குள், நேர்கோட்டில் ஐம்பது இழுப்பு, இந்த முறை நன்றாக அழுத்தி. துடைத்துப் பார்த்து இன்னும் இரண்டு மூன்று சுற்று. பி 2000 கோடுகளைக் கையால் எடுப்பது தோளை ஒடிக்கும் வேலை. பி 3000-ஐ யாரும் தவிர்க்கக் கூடாததன் காரணம் அது. மெஷின் என்றால் டி.ஏ. பாலிஷர் (டூயல் ஆக்‌ஷன், சுழன்றபடியே அலைந்து ஆடும் வகை), 3 அங்குலப் பேடு, நான்கிலிருந்து ஆறு முறை மெதுவாக நகர்த்துதல். சுழலும் ரோட்டரி மெஷின் வேகமானது, பழகாத கையில் விளிம்பை எரித்துவிடும். அவ்வப்போது புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு தாங்கவில்லை என்றால் ஆறவிடுங்கள். பிளாஸ்டிக் பம்பர் தகட்டைப்போல் சூட்டைக் கடத்தாது, அங்கேயே தேங்கும், பெயிண்ட் இளகிச் சுருங்கும்.

பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து துடையுங்கள். பல காம்பவுண்டுகளில் எண்ணெய் இருக்கிறது. அது கோடுகளை நிரப்பி, வேலை முடிந்துவிட்டது என்று நம்பவைக்கும், மூன்றாவது கழுவலில் எல்லாம் திரும்பி வரும். துடைத்த பிறகும் காரை வெயிலுக்கு நகர்த்தி ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் கருவிகளை எடுத்துவைக்க வேண்டும்.

கதவு இடுக்கு, ரப்பர் பீடிங், எழுத்துச் சின்னங்களின் ஓரம் ஆகியவற்றில் தேங்கிய வெள்ளை மாவை ஈரம் காயும் முன் பழைய டூத் பிரஷால் கழுவுங்கள். காய்ந்தால் சுண்ணாம்பு மாதிரி பிடித்துக்கொள்ளும். கம்பெனிப் பெயிண்டைத் தேய்த்திருந்தால் அன்றே வாக்ஸ் போட்டுவிடுங்கள், மெலிந்த கிளியருக்கு அந்தப் போர்வை தேவை. புதிதாக அடித்த அல்லது டச்-அப் வைத்த இடமென்றால் ஒரு மாதம் வாக்ஸ் வேண்டாம். உள்ளே மிச்சமுள்ள தின்னர் வெளியேற வழி இருக்கட்டும்.